காஷானின் கறுப்புக் கல்லும் சீனத்து நீலமும்

நீலப் பூப்போட்ட வெள்ளைப் பீங்கானைக் கண்டவுடன் எங்கள் வாயில் வருவது ஒரே சொல்தான்: சீனா. ஆங்கிலேயன் அந்தப் பாத்திரத்துக்கே ‘சைனா’ என்று பெயர் வைத்துவிட்டான். ஒல்லாந்து நாட்டவர் அதைப் பார்த்துச் செய்தது ‘டெல்ஃப்ட் நீலம்’ என்று புகழ் பெற்றது. பாத்திரத்துக்குப் பெயர் உண்டு, பாத்திரம் செய்தவனுக்கும் பெயர் உண்டு. ஆனால் அந்த நீலத்தைக் கொடுத்த பொருள் எந்த மலையிலிருந்து வந்தது, அதை யார் தோண்டினார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை.

அந்தப் பொருள் ஒரு கறுப்புத் தூள். இன்றைய இரசாயனவியல் அதனைக் கோபால்ட் ஒட்சைட்டு என்கிறது. சீனத்து நீல வெள்ளைப் பீங்கான் உலகப் புகழ் பெறத் தொடங்கிய காலத்தில் அதற்கான கோபால்ட் மேற்கிலிருந்து, முஸ்லிம் வணிகர்களின் வழியே, சீனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் ‘பார்த்தீர்களா, இதுவும் நாம் கண்டுபிடித்ததுதான்’ என்று மார்தட்டுவதற்காக அல்ல. எங்கட சமூகத்து வரலாற்று எழுத்தில் இரண்டு பழக்கங்கள் இருக்கின்றன. ஒன்று, உள்ளதையும் மறந்துவிடுவது. மற்றது, இல்லாததையும் சேர்த்துச் சொல்வது. இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை உண்டு என்பதைக் காட்ட இந்தத் தூளின் கதை நல்லதோர் உதாரணம்.

தூளின் குணம்

நான் தமிழ் படிப்பிப்பவன். இரசாயனவியல் என் துறையல்ல. ஆனாலும் இந்தப் பொருளின் குணத்தை அறியாமல் இதன் வரலாற்றை விளங்க முடியாது.

கோபால்ட் என்பது இரும்பு, நிக்கல் ஆகியவற்றுக்கு இடையில் அட்டவணையில் இருக்கும் ஒரு மூலகம். அது ஒட்சிசனுடன் சேர்ந்து தரும் ஒட்சைட்டுகளில் இரண்டு முக்கியமானவை. மூன்று கோபால்ட் அணுக்களும் நான்கு ஒட்சிசன் அணுக்களும் கொண்டது ஒன்று. அது கறுப்புத் தூள், நிறையில் ஏறத்தாழ 73 சதவீதம் கோபால்ட். ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்ந்தது மற்றது. ஒலிவ் பச்சையாகவோ சாம்பலாகவோ இருக்கும், கோபால்ட் ஏறத்தாழ 79 சதவீதம். கறுப்புத் தூளை 900 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அது கொஞ்சம் ஒட்சிசனை விட்டுவிட்டு இரண்டாவது வகையாக மாறும். இந்த இரண்டாவது வகை உருகுவதற்கு 1,900 பாகைக்கும் மேல் வேண்டும். இரண்டுமே தண்ணீரில் கரையாது.

கவனித்தீர்களா, இரண்டில் ஒன்றுகூட நீலமில்லை. உருகிய கண்ணாடிக்குள் போய், கோபால்ட் அயனைச் சுற்றி நான்கு ஒட்சிசன்கள் அமரும்போதுதான் அந்த ஆழ்ந்த நீலம் பிறக்கிறது. ஆகவே பீங்கானில் பூ வரைபவன் கறுப்பு நிறத்தில்தான் வரைகிறான். சூளை ஆறிய பிறகுதான் அவன் தீட்டியது என்ன நிறம் என்று அவனுக்கே தெரியும்.

இதற்கு இன்னொரு குணம் உண்டு. மிகச் சிறிதளவே போதும். ஒரு கிலோ கண்ணாடிப் பூச்சுக்கு 10 கிராம் போட்டாலே கடும் நீலம் வந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இது சூளைக்குப் பயப்படாத நிறம். செம்பு காற்று நிறைந்த சூளையில் பச்சை அல்லது பச்சைநீலமாகவும், காற்றுக் குறைந்து புகை மண்டிய சூளையில் சிவப்பாகவும் மாறிவிடும். இரும்பும் அப்படித்தான், சூளைக்கொரு நிறம் காட்டும். கோபால்ட் மட்டும் காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், சூடு 1,300 பாகையை எட்டினாலும், நீலமாகவே நிற்கும். சீனத்துப் பீங்கான் சூளையின் சூடு அந்த அளவுதான். உலகின் மிகச் சிறந்த வெள்ளைக் களிமண்ணுக்கும் இந்தத் தூளுக்கும் பொருத்தம் அமைந்தது இந்தக் காரணத்தால்தான்.

எங்களுக்கு முந்தியவர்கள்

கோபால்ட்டை முதன்முதலில் பயன்படுத்தியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்தியர்கள் தமது மேற்குப் பாலைவனச் சோலைகளில் கிடைத்த கோபால்ட் கலந்த படிகாரத்தைக் கொண்டு நீலக் கண்ணாடி செய்தார்கள். அந்த நூற்றாண்டில் துருக்கியின் உலுபுருன் கரையோரம் மூழ்கிய கப்பலில் கோபால்ட் நீலக் கண்ணாடிக் கட்டிகள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. நபி பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சங்கதி இது.

முஸ்லிம் உலகின் பங்கு வேறோர் இடத்தில் தொடங்குகிறது. 9ஆம் நூற்றாண்டு, அப்பாசியர் ஆட்சி. சீனத்திலிருந்து வளைகுடாவுக்கு வெள்ளைப் பாத்திரங்கள் வந்து இறங்கின. பஸராவின் குயவர்கள் அவற்றைப் பார்த்து ஆசைப்பட்டார்கள். ஆனால் அந்த வெள்ளைக் களிமண் அவர்களிடம் இல்லை. ஆகவே மஞ்சள் சாயல் கொண்ட தமது மண்ணின் மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சைப் பூசி, அதன் மேல் கோபால்ட்டால் எழுதினார்கள். ஈரக் கடதாசியில் மை ஊறினாற்போல அந்த நீலம் பூச்சுக்குள் சற்றுப் பரவி நிற்கும். சில கிண்ணங்களில் இலை, பூ. சிலவற்றில் நடுவே ஓர் அரபுச் சொல் மட்டும். நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கிண்ணத்தில் ‘மகிழ்ச்சி’ என்ற பொருள்படும் ‘ஃகிப்தா’ என்ற சொல் இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் சீனத்திலும் கோபால்ட் தீட்டிய பாத்திரங்கள் செய்யப்பட்டன. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே ஒரு மூழ்கிய கப்பலைக் கண்டெடுத்தார்கள். ஆணியில்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய, அரபு வகைக் கப்பல். அதில் சுமார் 60,000 சீனப் பாத்திரங்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826ஐக் குறிக்கும் திகதி இருந்தது. அத்தனைக்குள்ளும் நீல வெள்ளைத் தட்டுகள் மூன்றே மூன்று. இன்று அந்தச் சரக்கு சிங்கப்பூரில் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சீனத்துக்கும் வளைகுடாவுக்கும் இடையிலான அந்தக் கடற்பாதை எங்கள் தீவை ஒட்டியே போனது. மன்னாரில், மாந்தையில் நடந்த அகழ்வுகளில் சீனப் பாத்திரத் துண்டுகளும் வளைகுடாவிலிருந்து வந்த பாத்திரத் துண்டுகளும் ஒரே மண்ணிலிருந்து கிடைத்தன. எனவே இந்தக் கதை எங்கட முற்றத்தைத் தொட்டுப் போன கதையும்கூட.

கம்ஸரின் சுலைமானிக் கல்

ஈரானில் காஷான் என்றொரு நகரம். ஓட்டு வேலைக்கும் மட்பாண்டத்துக்கும் அவ்வளவு பேர்போன ஊர், பாரசீகத்தில் அலங்கார ஓட்டுக்கே ‘காஷி’ என்று பெயராகிவிட்டது. சிந்துவிலும் முல்தானிலும் இன்றும் அந்த நீல ஓட்டு வேலையைக் காஷி என்றே சொல்கிறார்கள்.

அந்த ஊரில் பரம்பரை பரம்பரையாக இந்தத் தொழில் செய்த குடும்பம் அபூ தாஹிர் குடும்பம். அதில் பிறந்த அபுல் காஸிம் என்பவர் குயவராகாமல் மங்கோலிய இல்கான்களின் அவையில் வரலாற்றாசிரியர் ஆனார். ஆனால் குடும்பத் தொழிலை மறக்கவில்லை. 1301இல் மாணிக்கங்களையும் வாசனைப் பொருட்களையும் பற்றி எழுதிய நூலின் முடிவில், தனது குடும்பத்தார் பாத்திரம் செய்யும் முறையை ஒளிக்காமல் எழுதி வைத்தார். பத்துப் பங்கு வெள்ளைப் படிகக் கல், ஒரு பங்கு அரைத்த கண்ணாடி, ஒரு பங்கு வெண்களிமண் என்று உடற்பொருளின் அளவையும் தருகிறார். சீனத்துப் பீங்கானின் வெண்மையை எட்டுவதற்கு முஸ்லிம் கைவினைஞர்கள் கண்ட வழி இது.

நீலக் கல்லைப் பற்றியும் அவர் எழுதுகிறார். அது காஷானைச் சூழ்ந்த மலைகளில் கம்ஸர் என்ற கிராமத்தில் கிடைக்கிறது. தொழிலாளர்கள் அதனைச் ‘சுலைமானி’ என்பார்கள். சுலைமான் நபி (அலை) அவர்களே அதைக் கண்டெடுத்ததாக ஊர்ப் பேச்சு. கறுத்த கடினமான கல்லுறைக்குள் வெள்ளி போல மினுங்கும். ஐரோப்பாவிலிருந்தும் ஒரு வகை வருகிறது, அது சாம்பல் நிறம், மென்மையானது. சுரங்கத்திலே கற்களின் மேல் சிவந்த தோல் போலப் படிந்திருக்கும் மற்றொரு வகையும் உண்டு. வலிமை மிக்கது, ஆனால் கொல்லும் நஞ்சு என்று எச்சரிக்கிறார்.

இன்றைய கனிமவியல் இதனை விளக்கிவிடும். கோபால்ட் பல இடங்களில் ஆசனிக்குடன் சேர்ந்தே நிலத்தில் கிடைக்கிறது. அப்படிப்பட்ட தாது காற்றும் நீரும் பட்டு மாறும்போது மேலே செந்நிறப் படிவு உண்டாகும். அதில் ஆசனிக்கு இருக்கிறது. இரசாயனவியல் என்ற பாடம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னர், நிறத்தையும் நஞ்சையும் ஒரே பந்தியில் வைத்து எழுதிய மனிதர் இவர். ‘நமது பொற்காலம்’ என்று பேசும்போது நாம் அரண்மனைகளையும் நூலகங்களையும் நினைக்கிறோம். ஒரு கிராமத்தின் பெயரையும், அங்கே தோண்டுபவனைக் கொல்லக்கூடிய கல்லின் அடையாளத்தையும் எழுதி வைத்த இந்தப் பக்கங்களே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. (கம்ஸர் இன்று பன்னீருக்குப் பேர்போன ஊர்.)

முஸ்லிம்களின் நீலம்

13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில் ஈரானை ஆண்ட இல்கான்களும் சீனத்தை ஆண்ட யுவான் வம்சத்தவரும் செங்கிஸ்கானின் வழிவந்த ஒரே குடும்பத்தார். காஷானை மிதித்து அழித்த அந்தப் படையெடுப்பே பிறகு இரண்டு நாடுகளுக்கும் இடையில் வழி திறந்துவிட்டது. ஆளும், பொருளும், அறிவும் போய்வந்தன. 1278இல் சீனத்தின் ஜிங்தேஜென் பகுதியில் பீங்கான் பணிக்கென ஓர் அரச அலுவலகம் அமைந்தது. அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் நீல வெள்ளைப் பீங்கான் அங்கே முழு அழகுடன் வெளிப்பட்டது. லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள, 1351ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துடன் கூடிய ஒரு சோடிச் சாடிகளைப் பார்த்தால், அதற்குள் அந்தக் கலை எவ்வளவு முதிர்ந்துவிட்டது என்பது புரியும்.

அந்த நீலம் வெளியிலிருந்து வந்தது என்பதற்கு இரசாயனம் சாட்சி. சீனத்தில் கிடைத்த கோபால்ட் தாதில் மங்கனீசு அதிகம். அது தனியே நின்றால் நீலம் சற்றுச் சாம்பல் பூத்து இருக்கும். யுவான் காலப் பாத்திரங்களிலோ இரும்பு கூடிய, மங்கனீசு குறைந்த கோபால்ட்தான் காணப்படுகிறது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங் வம்சத்தின் யொங்லே மன்னர் காலத்துப் பாத்திரங்களிலும் அப்படியே. நிறம் தடித்த இடங்களில் கருமையான புள்ளிகளாகத் திரண்டு நிற்பது அந்த இரும்பினால்தான். கடற்படைத் தலைவர் செங் ஹெ, யுனான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், அந்த மன்னரின் ஆளே. காலியில் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ள 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவருடைய பயணத்துடன் தொடர்புடையது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் அதில். இந்தக் கடலில் அன்று எந்தெந்த மொழிகளில் பேசினால் காரியம் நடக்கும் என்பதற்கு அந்தக் கல்லே அத்தாட்சி.

யாருக்காகச் செய்தார்கள் என்பதையும் பாத்திரமே சொல்கிறது. யுவான், மிங் காலத்துப் பெருந்தட்டுகள் சில 40 சென்ரிமீற்றருக்கு மேல் அகலமானவை. ஆளுக்கொரு சிறு கிண்ணத்தில் சாப்பிடும் சீனருக்கு அது தேவையில்லை. ஒரு தட்டைச் சுற்றியிருந்து பலர் கையிட்டு உண்ணும் மேற்காசிய முஸ்லிம்களுக்கு அது வேண்டும். சஹன் சாப்பாடு என்றால் என்னவென்று தெரிந்த எங்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. இஸ்தான்புல் தொப்காபி மாளிகையில் இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்கள் இருக்கின்றன. 1611இல் ஷா அப்பாஸ் அர்தபீல் தர்காவுக்கு வழங்கியவை 1,162.

16ஆம் நூற்றாண்டில் சீனர்கள் வெளியிலிருந்து வந்த கோபால்ட்டுக்கு வைத்திருந்த பெயர் ‘ஹுய்ஹுய் சிங்’. ‘ஹுய்ஹுய்’ என்றால் முஸ்லிம்கள். ‘சிங்’ என்றால் நீலம். முஸ்லிம்களின் நீலம். ஜெங்தே மன்னர் காலத்தில், அதாவது 1506க்கும் 1521க்கும் இடையில், அரபும் பாரசீகமும் எழுதிய தூரிகை தாங்கிகளும் மேசைத் திரைகளும் அதே சூளைகளில் செய்யப்பட்டன.

‘அப்போ நீலப் பீங்கான் முஸ்லிம்கள் கண்டுபிடித்தது என்று சொல்லலாம்தானே சேர்?’ என்று பாடசாலையில் ஒரு பிள்ளை கேட்டது. சொல்ல ஏலாது. அந்த வெண்மையை, அந்த உறுதியை, அந்தச் சூட்டைச் சீனர் கண்டார்கள். பஸராவும் காஷானும் இஸ்னிக்கும் அதை எட்ட முயன்று, தமக்கென்று அழகான வேறொன்றைச் செய்தன. ஐரோப்பாவும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் அந்த இரகசியத்தை அறியவில்லை. பஸரா சீனத்து வெள்ளையைப் பார்த்தது. சீனம் எங்கள் பக்கத்து நீலத்தை வாங்கியது. அந்த நீல வெள்ளையைப் பார்த்து இஸ்னிக் செய்தது, பிறகு டெல்ஃப்ட் செய்தது. இதிலே ஒருவருடைய பெயரை மட்டும் எழுதினால் கணக்குப் பிழைத்துவிடும்.

கோபால்ட் என்ற பெயர்

சரி, ‘கோபால்ட்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அதுவும் தோண்டியவர்களிடமிருந்துதான். ஜேர்மனியின் சக்சனி மலைகளில் வெள்ளி தேடியவர்களுக்கு வெள்ளி போல மினுங்கும் ஒரு தாது கிடைத்தது. உருக்கினால் வெள்ளி வராது, நச்சுப் புகை வரும். சுரங்கத்துப் பேய் தங்களை ஏமாற்றுகிறது என்று நம்பி, அந்தப் பேயின் பெயரான ‘கோபோல்ட்’ என்பதையே தாதுக்கும் வைத்தார்கள். பேய் வேறு ஒன்றுமில்லை, ஆசனிக்குத்தான். பிறகு அதே தாதை வறுத்து, கண்ணாடியுடன் உருக்கி, அரைத்து நீலத் தூளாக்கி விற்றார்கள். ஐரோப்பாவில் வெள்ளைத் துணிக்கு நீலம் போடவும் ஒரு காலம் அது பயன்பட்டது. 1730களில் சுவீடன் நாட்டு கேயோர்க் பிராண்ட், அந்த நிறத்துக்குக் காரணம் இதுவரை அறியாத ஓர் உலோகம் என்று காட்டினார். பேயின் பெயர் மூலகத்துக்கு நிலைத்துவிட்டது.

இன்றைய தூள்

பீங்கானோடு நின்றுவிட்ட பொருளல்ல இது. எனாமல் சஹன்களும் கோப்பைகளும் எங்கள் ஊர்களில் இருந்தனவே, அந்த எனாமல் இரும்பை விட்டுக் கழராமல் பிடிப்பதற்கு அடிப்பூச்சில் கொஞ்சம் கோபால்ட் ஒட்சைட்டு சேர்ப்பார்கள். இலேசாக மஞ்சள் தட்டும் கண்ணாடியைத் தெளிவாக்கவும் மிகச் சிறிதளவு சேர்ப்பதுண்டு. ஊக்கிகள், காந்தங்கள், கடினமான வெட்டு கருவிகள் என்று அதன் பட்டியல் நீளும். தூளைக் கையாளும் தொழிலாளி மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

ஆனால் இன்று கோபால்ட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பற்றரி. 1980இல் ஒக்ஸ்ஃபோர்டில் ஜோன் குடினஃப் குழுவினர் இலித்தியம் கோபால்ட் ஒட்சைட்டு நல்ல மின்வாய்ப் பொருள் என்று காட்டினார்கள். 1991இல் அதைக் கொண்ட பற்றரி சந்தைக்கு வந்தது. 2019இல் குடினஃபுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கறுப்புத் தூளை இலித்தியம் காபனேற்றுடன் கலந்து சூளையில் சுட்டால் அந்தப் பொருள் கிடைக்கும். பாருங்களேன், தூளும் சூளையும் விட்டபாடில்லை. சட்டைப் பையில் இருக்கும் கைத்தொலைபேசிக்குள் பழைய நீலத்தின் உறவுக்காரன் இருக்கிறான்.

உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் கொங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. பெரும்பகுதி சுத்திகரிக்கப்படுவது சீனத்தில். கொல்வெசி போன்ற ஊர்களைச் சுற்றிப் பெரிய கம்பனிகள் ஒரு பக்கம் தோண்ட, மறுபக்கம் ஏழைகள் மண்வெட்டியும் கையுமாகக் குழிக்குள் இறங்குகிறார்கள். அந்தக் குழிகளிலும் தாது கழுவும் இடங்களிலும் சிறுவர்கள் வேலை செய்வதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. கைத்தொலைபேசியின் பின்புறத்தில் கம்பனியின் பெயர் இருக்கும், பொருத்திய நாட்டின் பெயர் இருக்கும். கொல்வெசியின் பெயர் இராது.

முந்திய காலத்தில் எல்லாம் நீதியாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. கம்ஸர் மலையில் அந்தச் செந்நிற நஞ்சைத் தொட்டு மாண்டவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. ஆனாலும் அபுல் காஸிம் அந்தக் கிராமத்தின் பெயரை எழுதினார். ஜிங்தேஜென் சூளைக்காரன் தன் பாத்திரத்தின் அழகுக்கு ஓர் அயல் சமூகத்தின் பெயரை வைக்க வெட்கப்படவில்லை. கொடுத்தவனை மறைக்காமல் பெயர் சொல்வது வரலாறு எழுதுபவனின் முதல் கடமை. எங்கட பெயர் விடுபட்ட இடத்தில் அதைக் கேட்டு வாங்க எங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை கொல்வெசிச் சிறுவனுக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டால்தான் எங்கட கேள்விக்கு நியாயம் இருக்கும்.

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் ஊர்களின் பழைய வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் இன்னும் நீலப் பீங்கான்கள் இருக்கின்றன. ‘பீங்கான்’ என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து எங்களிடம் வந்தது. அரபியரின் ‘ஃபின்ஜா’னும் அதன் உறவு. விளிம்பு உடைந்தது, வெடித்தது என்று அவற்றை வீசிவிட வேண்டாம். கவிழ்த்துப் பார்த்து அடியில் உள்ள குறியைப் படமெடுங்கள். கையால் வரைந்ததா, அச்சில் பதித்ததா என்று பாருங்கள். தூரிகைக் கோடு தடித்தும் மெலிந்தும் போகும், அச்சுக் கோடு சீராக நிற்கும். யார் கொண்டு வந்தார், எந்தத் துறைமுகத்தில் வாங்கினார் என்று உம்மும்மாமாரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்களும் போய்விட்டால் கேட்பதற்கு ஆளில்லை.